டெட் ஆர் அலைவ் குழுவுக்கு உரிய இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அழகுக்காகச் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகளால் துன்பப்பட்ட கலைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் இங்கிலாந்துப் பாடகர் பீட் பர்ன்ஸின் இளவயதுப் படத்தையும் கடைசிக் காலத்துப் படத்தையும் அருகருகே அச்சிட்டு, ஒரே ஒரு பாட்டால் பெயர் பெற்றுப் பிறகு காணாமல் போனவர் என்ற பொருளில் இரண்டு வரிகள் எழுதியிருந்தார்கள். ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன் நான்; இப்போது பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்த இரண்டு வரிகளும் என்னை மிகவும் வருத்தின. பர்ன்ஸ் தனியாளாகப் பாடியவர் அல்லர். டெட் ஆர் அலைவ் என்ற குழுவின் பாடகர் அவர். மின்னணு மேளத்தையும், சின்தசைசர் என்னும் மின்னணு ஒலிக்கருவியையும் கொண்டு நடன இசை செய்யும் முறைக்கு 1980-களில் உருவம் கொடுத்த குழுக்களில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. அந்த இடத்தை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பீட் பர்ன்ஸ் 1959 ஆகஸ்ட் 5 அன்று, லிவர்பூலுக்கு எதிரே மெர்சி ஆற்றின் மறுகரையில் உள்ள விர்ரல் பகுதியில் பிறந்தார். இளம் வயதில் லிவர்பூலின் புரோப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். வாடிக்கையாளர் எடுத்து வந்த இசைத்தட்டு தமக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் காலத்தில் லிவர்பூல் இளைஞர்கள் கூடிய இடம் எரிக்ஸ் என்ற இசை விடுதி. அங்கே பழகியவர்களில் பலர் பின்னாளில் பெயர் பெற்ற குழுக்களைத் தொடங்கினார்கள். பர்ன்ஸ் முதலில் ஜூலியன் கோப், பீட் வைலி ஆகியோருடன் மிஸ்டரி கேர்ள்ஸ் என்ற குழுவில் 1977-ல் ஒரே ஒரு மேடை ஏறினார்; 1979-ல் நைட்மேர்ஸ் இன் வாக்ஸ் என்ற குழுவை அமைத்தார்; 1980-ல் அதுவே டெட் ஆர் அலைவ் ஆனது. தொடக்க காலப் பதிவுகளில் கிதாரும் ஆர்கனும் கலந்த இருண்ட ராக் இசைதான் இருந்தது. அப்போது கிதார் வாசித்த வெய்ன் ஹஸ்ஸி பிறகு இருண்ட ராக் இசைக்குப் பெயர் பெற்ற சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவுக்குப் போய், அங்கிருந்து தி மிஷன் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார் என்பதைச் சொன்னால், இந்தக் குழு எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பது ராக் இசை கேட்பவர்களுக்கு உடனே விளங்கும்.

நடன இசைக்கு அவர்கள் திரும்பியது சில ஆண்டுகள் கழித்துத்தான். எபிக் என்ற இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆன பிறகு, 1984-ல் 'சோஃபிஸ்டிகேட்டட் பூம் பூம்' என்ற முதல் ஆல்பம் வந்தது. கேசி அண்ட் தி சன்ஷைன் பேண்ட் 1975-ல் பாடிய டிஸ்கோ பாட்டு ஒன்றை அதில் தங்கள் பாணியில் பாடி, பிரிட்டன் தரவரிசையில் 22-ஆம் இடம் வரை போனார்கள். அந்தக் கட்டத்தில் குழுவில் இருந்தவர்கள் நால்வர்: பாட பீட் பர்ன்ஸ், பேஸ் கிதாருக்கு மைக் பெர்சி, கீபோர்டுக்கு டிம் லீவர், டிரம்ஸுக்கு ஸ்டீவ் காய். தங்கள் கட்டுரை மற்ற மூவரையும் அடியோடு விட்டுவிட்டது. என் வருத்தத்தில் பாதி அதனால்தான்.

இனி, தங்கள் கட்டுரை 'ஒரே பாட்டு' என்று சொன்ன 'யூ ஸ்பின் மீ ரௌண்ட்' பாட்டுக்கு வருகிறேன். 1984-ல் லண்டனில் மைக் ஸ்டாக், மாட் எய்ட்கன், பீட் வாட்டர்மேன் என்ற மூவர் சேர்ந்து, அமெரிக்க, பிரிட்டன் நடன விடுதிகளில் அப்போது வேகம் பிடித்திருந்த ஹை எனர்ஜி என்ற விரைவான மின்னணு நடன இசைப் பாணியில் பாட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். டிவைன், ஹேசல் டீன் ஆகிய பாடகர்களுக்கு அவர்கள் தயாரித்த பாட்டுகளைக் கேட்ட பர்ன்ஸ், தங்கள் அடுத்த பதிவை இவர்கள்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இசை நிறுவனம் ஆர்வம் காட்டவில்லை. பதிவுச் செலவுக்காகத் தாமே 2,500 பவுண்டு கடன் வாங்கியதாகப் பர்ன்ஸ் பின்னாளில் சொன்னார். 1984 நவம்பரில் வெளிவந்த அந்தப் பாட்டு முதலில் தரவரிசையின் அடிமட்டத்தில் கிடந்து, வாரம் வாரமாக மேலே நகர்ந்து, 1985 மார்ச் மாதத்தில்தான் பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. இரண்டு வாரம் அங்கே நின்றது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடம் வரை போனது. ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் கூட்டணிக்கு அதுவே முதல் முதலிடப் பாட்டு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பின்னாளில் ரிக் ஆஸ்ட்லி, கைலி மினோக் போன்ற பாடகர்களுக்கு அந்த மூவரே பாட்டு எழுதி, மெட்டமைத்து, இசையமைத்துக் கொடுத்தார்கள். பாடகர் வந்து பாடிவிட்டுப் போனால் போதும் என்ற நிலை இருந்தது. 'யூ ஸ்பின் மீ ரௌண்ட்' பாட்டை எழுதியவர்கள் டெட் ஆர் அலைவ் குழுவின் நால்வரும்தான். அந்த மூவரும் அதன் தயாரிப்பாளர்கள். ஆகவே பர்ன்ஸும் நண்பர்களும் யாரோ செய்து கொடுத்த பொம்மைக்கு முகம் மட்டும் கொடுத்தவர்கள் என்ற எண்ணம் அடிப்படையிலேயே பொருந்தாது.

கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் அந்தப் பாட்டின் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள் எழுத அனுமதிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 தட்டு என்ற வேகத்தில் பாட்டு ஓடுகிறது. அதன் ஒவ்வொரு தட்டிலும் மின்னணு மேளத்தின் கனத்த அடி விழுகிறது. அடிகளுக்கு இடைப்பட்ட காலத்தைச் சீக்வென்சரில் ஏற்றிய பேஸ் ஒலி துளித்துளியாக நிரப்புகிறது. சீக்வென்சர் என்பது நாம் ஒரு முறை வாசித்து வைத்த சுரக்கோவையைச் சற்றும் பிசகாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி. மனிதக் கை எவ்வளவு பழகியிருந்தாலும் அந்த நேர்த்தியை நான்கு நிமிடம் காப்பாற்ற முடியாது. இத்தனை இறுக்கமான இயந்திரக் கட்டமைப்பின் மேலே பர்ன்ஸின் குரல் வருகிறது. நடனப் பாட்டுகளில் மெல்லிய, உயர்ந்த குரல்களே வழக்கமாக இருந்த நேரத்தில், அடிவயிற்றிலிருந்து எழும் ஆழ்ந்த ஆண் குரலில் அவர் பாடினார். இயந்திரம் தன் போக்கில் ஓட, அந்தக் குரல் அதன் மேல் ஏறி அதிகாரம் செய்கிறது. பாட்டின் உயிர் அந்த இழுபறியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதே சுரங்களை அதே வேகத்தில் வைத்துக்கொண்டு, மென்மையான குரலில் பாடிய பிற்காலப் பதிப்புகளைக் கேட்டால் இது தெரியும். அவற்றில் தாளம் இருக்கிறது, மிரட்டல் இல்லை.

இந்த இசை கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்நியமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1980-களின் பிற்பாதியில் ஈரோட்டிலும் கோவையிலும் வெற்று கேசட் கொடுத்தால் கேட்ட பாட்டுகளைப் பதிவு செய்து தரும் கடைகள் நிறைய இருந்தன. 'இங்கிலீஷ் டிஸ்கோ' என்று எழுதி வைத்த கலவை நாடாக்களில் போனி எம், அபா, மாடர்ன் டாக்கிங் குழுக்களின் பாட்டுகளுக்கு நடுவே டெட் ஆர் அலைவும் இருந்தது. பெயர் தெரியாமலேயே அந்தப் பாட்டுக்கு ஆடியவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு. கோயில் நோம்பிகளில் நடந்த ரெக்கார்டு டான்ஸ் மேடைகளில் இத்தகைய நாடாக்கள் தாராளமாக ஒலித்தன. மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்ட பிறகு, இரவு முழுவதும் ஒரே நடையில் தப்பட்டை அடிக்க இளைஞர்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மாறாத அடி எப்படி மனிதனை உள்ளே இழுக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நடன விடுதிக்கென நீட்டிச் செய்த இத்தகைய பாட்டுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அடி மாறாது, அதன் மேல் மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும், விலகும்.

அதே காலத்தில் நம் திரையிசையும் இந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு அமைத்த இசையைக் கேட்டு, எங்கள் வட்டாரத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தாளத்தைத் தானே வாசிக்கும் ரிதம் பாக்ஸும் கீபோர்டும் வாங்க ஈரோட்டுக்கும் கோவைக்கும் அலைந்தார்கள். இயந்திரம் வந்தால் டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பிழைப்பு போகும் என்ற பயமும் அப்போது இருந்தது. அந்தப் பயம் பொய்யாகவும் இல்லை. மேற்கே நடந்ததை அறிந்துகொண்டால்தான் நம்மிடம் நடந்ததையும் சரியாக எடைபோட முடியும். டெட் ஆர் அலைவில் டிரம்ஸ் கலைஞரான ஸ்டீவ் காயே, மின்னணு மேளத்தை மையமாக வைத்த குழுவில் கடைசி வரை இருந்தார் என்பது இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத்தக்கது. அவர் பாட்டு எழுதினார், தயாரித்தார், பிறகு குழுவின் நிர்வாகத்தையும் தாமே பார்த்துக்கொண்டார்.

அந்த ஒரு பாட்டோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அது இடம்பெற்ற 'யூத்க்வேக்' என்ற 1985-ஆம் ஆண்டு ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது; அதிலிருந்து 'லவர் கம் பேக் டு மீ', 'இன் டூ டீப்' ஆகிய பாட்டுகளும் முதல் இருபதுக்குள் வந்தன. அடுத்து 'மேட், பேட் அண்ட் டேஞ்சரஸ் டு நோ' என்ற ஆல்பத்தையும் அதே மூவரே தயாரித்தார்கள். அதிலுள்ள 'பிராண்ட் நியூ லவர்' அமெரிக்காவின் நடனப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தையும் பொதுப் பட்டியலில் 15-ஆம் இடத்தையும் பிடித்தது. 'சம்திங் இன் மை ஹவுஸ்' பிரிட்டனில் 12-ஆம் இடம் வரை போனது. தயாரிப்பாளர்களோடு மனவேற்றுமை முற்றியதால், 1980-களின் இறுதியில் வந்த 'நியூட்' ஆல்பத்தைக் குழுவினர் தாங்களே தயாரித்தார்கள். இங்கிலாந்து அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜப்பான் கொண்டாடியது. 'டர்ன் அரௌண்ட் அண்ட் கவுண்ட் டூ டென்' என்ற பாட்டு அங்கே அவர்களைப் பெரிய நட்சத்திரங்களாக்கியது. 1990-ல் வந்த 'ஃபேன் தி ஃபிளேம்' ஜப்பானில் மட்டுமே வெளியானது. என்னைக் கேட்டால், 'நியூட்' ஆல்பத்தை முழுதாகக் கேட்காமல் இந்தக் குழுவைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. தயாரிப்பாளர்களின் கை விலகிய பிறகும் அந்த ஒலி சற்றும் தளரவில்லை என்பதற்கு அதுவே சான்று. 1995-ன் 'நியூக்ளியோபாட்ரா'வில் நல்ல பாட்டுகள் உண்டு. 2000-ல் வந்த 'ஃப்ராஜைல்' பழைய பாட்டுகள் பலவற்றை மறுபடி பதிந்தது. அது எனக்கு அவ்வளவாக நிறைவு தரவில்லை.

பர்ன்ஸின் தோற்றத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதுவும் அவர் கலையின் ஒரு பகுதி. 1985-ல் தொலைக்காட்சியில் அவர் ஒரு கண்ணை மூடிய கறுப்புப் பட்டையும், தோளில் புரளும் சுருள்முடியும், முகம் நிறைந்த ஒப்பனையுமாக வந்தபோது பிரிட்டனே திரும்பிப் பார்த்தது. அன்றைய பத்திரிகைகள் அவரைக் கல்ச்சர் கிளப் குழுவின் பாய் ஜார்ஜோடு மோதவிட்டு, யார் யாரைப் பார்த்து உடுத்தினார் என்ற வழக்கை மாதக்கணக்கில் நடத்தின. ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவது நம் கூத்து மேடைகளில் தொன்றுதொட்டு உள்ளது. ஆகவே கொங்கு நாட்டு வாசகர்களுக்கு அந்த உடை அதிர்ச்சி தர வேண்டிய காரணம் இல்லை. ஆனால் பர்ன்ஸ் அதை வேடம் என்று கருதவில்லை. மேடையிலும் கடைத்தெருவிலும் ஒரே தோற்றத்தில்தான் இருந்தார். ஆணா, பெண்ணா, எந்த வகையைச் சேர்ந்தவர் என்று பலர் கேட்டபோதும், எந்தப் பெயருக்குள்ளும் தம்மை அடைக்க அவர் கடைசி வரை ஒப்பவில்லை. இன்று தங்கள் உடலையும் உடையையும் தாங்களே தீர்மானிக்க விரும்பும் இளைஞர்கள் பலர், அவரைத் தமக்கு முன் நடந்தவராக மதிக்கிறார்கள். உதட்டில் செய்த சிகிச்சை கெட்டுப்போய், திருத்தச் சிகிச்சைகள் பல செய்து, உடல்நலத்தையும் பொருளையும் இழந்தார் என்பது உண்மை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் ஒரு மனிதரின் வலியை வேடிக்கைப் படமாக்கி, அவர் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விடுவது பத்திரிகை தர்மத்துக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

குழுவின் தாக்கத்தை அளக்க, அது பிறருக்குத் திறந்துவிட்ட வழிகளைப் பார்க்க வேண்டும். 'யூ ஸ்பின் மீ ரௌண்ட்' பாட்டைக் கேட்டுவிட்டு, இதே ஒலி தங்களுக்கும் வேண்டும் என்று பனானராமா என்ற பெண்கள் குழுவினர் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேனிடம் போனார்கள். அப்படிப் பிறந்த, 'வீனஸ்' என்ற பழைய பாட்டின் புதுப் பதிப்பு 1986-ல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மெல் அண்ட் கிம், ரிக் ஆஸ்ட்லி, கைலி மினோக் என்று அந்தத் தயாரிப்பாளர்களின் வரிசை நீண்டு, பிரிட்டனின் முதல் நாற்பது இடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை அவர்கள் கொண்டுவந்தார்கள். அந்த நீண்ட வரிசையின் வாசலில் நிற்பது டெட் ஆர் அலைவ். குழுவை விட்டு விலகிய டிம் லீவரும் மைக் பெர்சியும் பாடல் எழுதித் தயாரிக்கும் வேலைக்குப் போனார்கள். 1999-ல் பிரிட்டனில் முதலிடம் பெற்ற எஸ் கிளப் 7 குழுவின் 'பிரிங் இட் ஆல் பேக்' பாட்டை எழுதியவர்களில் இவ்விருவரும் உண்டு. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பாடி ஆடிய பாட்டில், பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அதே கைகள் இருந்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலப் பாட்டும் சாகவில்லை. 2006-ல் பர்ன்ஸ் 'செலிப்ரிட்டி பிக் பிரதர்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட பிறகு மறுபடி வெளியிடப்பட்டு, பிரிட்டனில் 5-ஆம் இடத்தைப் பிடித்தது. 2009-ல் ராப் பாடகர் ஃப்ளோ ரைடா அதன் பல்லவியை எடுத்தாண்டு 'ரைட் ரௌண்ட்' என்று பாட, அது அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பாட்டைத்தான் முதலில் அறிந்திருக்கிறார்கள். மூலத்தைப் போட்டுக் காட்டி, பேஸ் வரியை மட்டும் தனியே வாசிக்கச் சொன்னால், எளிது என்று தொடங்கிச் சற்று நேரத்தில் விரல் தடுமாறி, பிறகு மரியாதையோடு மறுபடி கேட்கிறார்கள்.

பீட் பர்ன்ஸ் 2016 அக்டோபர் 23 அன்று, 57-ஆம் வயதில், இதயத் துடிப்பு திடீரென நின்றதால் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடன் நின்ற ஸ்டீவ் காய் 2018 மே மாதத்தில் மறைந்தார். அத்துடன் டெட் ஆர் அலைவ் என்ற பெயரில் இசை செய்ய யாரும் இல்லாமல் போனது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரையில் வந்த 'ஒரே பாட்டு' என்ற தகவலை அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுங்கள். இயலுமானால் சின்தசைசர் இசையின் வரலாற்றைப் பற்றி ஒரு தொடர் தொடங்குங்கள். இங்கிலாந்துக் குழுக்களோடு, நம் திரையிசையில் கணினி நுழைந்த கதையையும், கொங்கு நாட்டு ஆர்கெஸ்ட்ராக்கள் முதல் கீபோர்டுகளை வாங்கி மேடையேற்றிய கதையையும் அதில் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, நாமக்கல் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பழைய கருவிகளையும் சிலர் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தங்கள் செய்தியாளர் வந்தால் அவர்களிடம் அழைத்துச் சென்று, கருவிகளை இயக்கிக் காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கீபோர்டு ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.